பாசி தின்னாத மருந்து

வலியசாலையில் ஒரு வீட்டில் என்ன கறி என்பது நாலாவது வீட்டுக்கு அடுப்பணைக்கும் முன்னே தெரிந்துவிடும். மலையாள தேசத்துத் தலைநகரில், சுவரோடு சுவர் ஒட்டிய தமிழ் அக்ரகாரத் தெரு. தாளித்தால் வாசனை போகும், சண்டை போட்டால் சத்தம் போகும். அப்பேர்ப்பட்ட தெருவில் வாலாம்பாள் பன்னிரண்டு வருஷமாக ஒரு காரியத்தை மறைத்து வைத்திருந்தாள் என்றால் அவள் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவள் மகள் ஜானவிக்குப் பதினாலு வயதில் வலிப்பு வந்தது. இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றும், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மாத்திரையை வாலாம்பாள்தான் தன் உள்ளங்கையில் வைத்து மகளுக்கு நீட்டுகிறாள். வலிப்பு அப்புறம் வரவில்லை. ஜானவி படித்தாள், கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்கும் போகிறாள். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: தாய், மகள், செக்ரட்டேரியட்டில் இருந்து ஓய்வு பெற்ற தகப்பன் சேஷன். சேஷனுக்குத் தெரிந்தது பாதி மறந்தும் போயிருக்கும்.

பக்கத்து ஆரியசாலை மருந்துக்கடைகளில் வாலாம்பாள் அந்த மாத்திரையை வாங்கமாட்டாள். பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போவாள். வாங்கியதை அட்டையிலிருந்து பிதுக்கி வெந்தய டப்பாவில் போட்டுவிடுவாள். மாதாமாதம் பிளாஸ்டிக் சேகரிக்க வரும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் வாசலிலேயே சாக்கைக் கொட்டிப் பிரிப்பார்கள் என்பதால் காலி அட்டைகளைக் கைப்பையில் கொண்டுபோய்த் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு வருவாள். கடையை மறைத்தாள், குப்பையை மறைத்தாள். சாக்கடையையும் மறைக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது?

கிள்ளியாற்றங்கரையில், தெருவின் கழிவுநீர்க் குழாய் திரும்புகிற இடத்தில், ஏதோ ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இரண்டு தொட்டி கட்டினார்கள். நீளவாட்டில் முட்டை வடிவம், முழங்கால் ஆழம், உள்ளே கீரையை அரைத்துக் கரைத்த மாதிரி பச்சைத் தண்ணீர். ஒரு சக்கரம் அதை ஓயாமல் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசியை அதில் வளர்க்கிறார்களாம், நாற்பத்தொரு வீட்டுக் கழிவுநீரில் வரும் மருந்தையெல்லாம் அந்தப் பாசி எடுத்துவிடுமாம். தெரு நம்பவில்லை. கொசு வரும் என்றது. நம்மாத்துக் கக்கூஸ் ஜலத்தைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போவானேன், இதில் என்னவோ இருக்கிறது என்றது. ரெம்யா என்ற விஞ்ஞானி, பாவம், நல்ல எண்ணத்தோடு ஒரு பலகை வைத்தாள். ஐந்து மருந்தின் பெயர், தொட்டிக்குள் வரும்போது எவ்வளவு, வெளியே போகும்போது எவ்வளவு. திங்கட்கிழமை எடுத்த தண்ணீரின் கணக்கை வெள்ளிக்கிழமை எழுதுவார்கள். சின்னச் சந்தேகத்தைத் தீர்க்க வைத்த பலகை பெரிய சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

கிளப்பியவள் சூடாமணி. ஆறு வீடு தள்ளி இருப்பவள், வாலாம்பாளுக்கு ஒத்த வயது. அவள் அண்ணா பிள்ளை பிரணவுக்குத்தான் ஜானவியைப் பேசி முடித்திருந்தது. பையன் பெங்களூரில் வேலை. துலாம் என்கிற ஐப்பசி இருபத்தேழாம் தேதி நிச்சயதார்த்தம். சம்பந்தத்தைச் சொல்லிக் கொண்டுவந்தது தான்தான் என்பதை அவள் தினம் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவாள். அன்றைக்குக் காலை கையில் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பலகையைப் பார்த்தயோ, வாலாம்பா?"

"நான் எங்கே பார்த்தேன். இந்த முட்டுவலியோட அந்தப் படியெல்லாம் யாரு எறங்கறது."

"சர்க்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, ஜுரத்துக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு. சாரமில்லே, போகட்டும், எங்காத்துலயே அது நாலும் உண்டு. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு பாரு, கார்பமசெபைன். மெடிக்கல் ஸ்டோர்ல காட்டிக் கேட்டேன். வலிப்புக்காக்கும்னு சொன்னான்."

வாலாம்பாள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றி முடித்து டவராவை அவள் முன்னால் வைத்தாள்.

"அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கென்னவா? தெருவுல யாரோ திங்கறா. இல்லாம ஜலத்துல வராதல்லோ. நாளைக்கு எங்கண்ணா காதுல யாராவது போட்டா? வலியசாலையில பொண்ணெடுக்கறேளே, அங்கே வலிப்புக்காரா இருக்கான்னு? எனக்குப் பேடியா, பயமா இருக்கு." சூடாமணி ஒரு வாய் குடித்தாள். "நீ ஒண்ணும் நெனச்சுக்காதே. உங்காத்துல அப்படி ஒண்ணும் இல்லையே?"

உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கண் மட்டும் வாலாம்பாளின் முகத்தை விட்டு நகரவில்லை.

"நன்னாருக்கு நீ கேக்கறது. ஜானவிக்கு ஜலதோஷம் பிடிச்சாக்கூட நான் சுக்குக் கஷாயம்தான் வைப்பேன்." ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது. "கோடியாத்துக்கு வாடகைக்கு வந்திருக்காளே தாணுமாலையன், அவா வந்து ஆறு மாசம் இருக்குமோ? பலகை வச்சும் ஆறு மாசம்தானே ஆச்சு?"

தாணுமாலையன் ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக்கடையில் பில் எழுதுகிறவன். சுசீந்திரத்துக்காரன். மனைவி, இரண்டாம் கிளாஸ் படிக்கிற ஒரு பெண், அவ்வளவுதான் குடும்பம். தெருவில் யாரோடும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. சூடாமணியின் முகம் தெளிந்துவிட்டது. சந்தேகத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டால் மனிதர்களுக்கு எத்தனை நிம்மதி. மீதிக் காப்பியை ரசித்துக் குடித்துவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்று மத்தியானமே வாலாம்பாள் முட்டுவலியை மறந்து ஆற்றங்கரைப் படிகளில் இறங்கினாள். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் தங்கையன். பாறசாலைப் பக்கம், வயது ஐம்பத்தைந்து இருக்கும், முன்பு குழாய் வேலை செய்தவன். காலைப் பாசஞ்சரில் வந்து சாயங்காலப் பாசஞ்சரில் போவான். தொட்டிச் சுவரில் ஒட்டிய பச்சையைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா. நீங்க ஒருத்தராவது எறங்கி வந்தியளே. தெருக்காரங்க எல்லாரும் மேல நின்னு மூக்கப் பொத்திக்கிட்டுப் பாத்துட்டுப் போவாவ."

"நாத்தம் ஒண்ணும் இல்லையே."

"நாத்தம் எப்பிடி வரும்? வெயிலு கிட்டினா பாசி மூச்சு விடும், தண்ணி தெளியும். மணத்திப் பாருங்க, மழ பெஞ்ச வயலுக்க மணமாக்கும்."

வாலாம்பாள் முகர்ந்து பார்த்தாள். உண்மைதான். ஆனால் அவள் வந்தது அதற்கில்லை.

"இந்த மருந்தெல்லாம் எப்படி இதுல வருது?"

தங்கையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்காக ஆறு மாதமாகக் காத்திருந்தவன் அவன். "நாம திங்குத மருந்து முழுக்க ஒடம்புல நிக்காதும்மா. மிச்சம் வெளிய போவும். ஆத்துல கலக்கும், மீனுக்க வயித்துல கேறும். மத்த அழுக்கெல்லாம் பழைய பிளாண்டுல நீங்கும், மருந்து அவ்வளவு லேசுல நீங்காது. இந்தப் பாசி அத இழுத்துத் தின்னும். ஜொரத்து மருந்து நூறு வந்தா தொண்ணூறுக்கு மேல தின்னுரும். வலி மருந்தும் மோசமில்ல. இந்த அஞ்சாவது சாதனம் இருக்கே, அதுதான் எறங்கமாட்டேங்குது. உள்ள வரும்பம் எம்பத்தி நாலு, வெளிய போவும்பம் எழுவத்தொம்பது. எனக்க மவன் பாவக்காயக் கண்டா இப்பிடித்தான், எலைக்க ஓரத்துல ஒதுக்கி வைப்பான்."

"எத்தனை பேர் தின்னா எண்பத்தி நாலு வரும்?"

"ஒண்ணோ ரெண்டோ ஆளுதான் இருக்குமுன்னு ரெம்யா மேடம் சொன்னாவ. அவ்வளவு நுணுக்கமான மெஷினு. ஆளு யாருன்னு மெஷினுக்குத் தெரியாது, கேட்டியளா. நமக்கும் தெரியாண்டாம்."

தெரியாண்டாம் என்று சொல்லும்போது இவன் ஏன் என் முகத்தைப் பார்த்தான்? வாலாம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பேசுகிறவன் கேட்கிறவள் முகத்தைப் பார்க்காமல் துடைப்பத்தையா பார்ப்பான் என்று நினைத்துப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

"இது எப்போ கொறையும்?"

"மழவெள்ளம் குழாயில கேறினா கொறையும், எல்லாம் நேர்ந்து தண்ணியாப் போவுமே. இல்லேன்னா திங்குத ஆளு நிறுத்தணும். நிறுத்தப்பிடாது பாத்துக்கிடுங்க. தீனத்துக்குத் திங்குத மருந்தல்லா."

அதற்குப் பிறகு வாலாம்பாள் மழைக்காகக் காத்திருந்தாள். துலாம் மாதத்து மழை தவறாமல் சாயங்காலம் வரவேண்டியது. தினம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், இடிக்கும், காயப்போட்ட வடாத்தை ஊரே அள்ளி உள்ளே வைக்கும், அப்புறம் அந்த மேகம் நெடுமங்காட்டுப் பக்கம் போய்ப் பெய்துவிட்டு வரும். நாலு நாள் பார்த்தாள். மழை வராவிட்டால் என்ன, நாமே பெய்யலாம் என்று தோன்றியது. கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"ஏண்டி, குழாய் திறந்து கெடக்கே?" என்றார் சேஷன்.

"தொட்டி கழுவறேன்."

"மூணு நாளாவா தொட்டி கழுவறே?"

"வீட்டுக்கு நாலு பேர் வரப்போறாளே, பாசி பிடிச்ச தொட்டியைப் பார்த்தா என்ன நினைப்பா?"

சேஷன் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பலகையில் எண்பத்தி மூன்று என்று எழுதியிருந்தது. நாற்பத்தொரு வீட்டுத் தண்ணீரில் ஒரு கொல்லைக் குழாய் எம்மாத்திரம்.

அன்று சாயங்காலம் சூடாமணி சொல்லியனுப்பினாள்: நிச்சயதார்த்தத்துக்கு அண்ணா இரண்டு நாள் முன்னாலேயே வருகிறாராம், அவருக்கும் அந்தப் பச்சைத் தொட்டியைக் காட்டவேண்டும். வாலாம்பாளுக்கு அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. பிரணவின் அப்பா பலகை முன்னால் நிற்கிறார், அஞ்சாவது வரியைப் படிக்கிறார், திரும்பி இவளைப் பார்க்கிறார். அரிசி களைகையிலும் அதுதான், விளக்கேற்றுகையிலும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதைச் செய்தாள். தன் முட்டுவலிக்காக வாங்கி வைத்திருந்த கால்சியம் மாத்திரையும் வெள்ளை, வட்டம், ஏறக்குறைய அதே அளவு. வெந்தய டப்பாவுக்குப் பதில் அந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினாள். நிச்சயதார்த்தம் வரைக்கும்தானே, பன்னிரண்டு வருஷமாக வராதது இந்த மூன்று வாரத்திலா வரப்போகிறது என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கினாள். டாக்டர் சொன்னது காதில் ஒலிக்காமல் இல்லை. தங்கையன் சொன்னதும் ஒலித்தது. ஆனாலும் நீட்டினாள். ஜானவி போனில் யாரிடமோ மலையாளத்தில் பேசிக்கொண்டே எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பெற்ற பெண்ணுக்கு இப்படிச் செய்தவளைத் திட்டுவது சுலபம். ஆனால் அவள் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். ஜானவி குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே துண்டு மடிக்கிற சாக்கில் நிற்பாள். தண்ணீர் விழும் சத்தம் நின்றால் இவளுக்கு மூச்சு நிற்கும். மத்தியானம் ஆபீசுக்குப் போன் செய்து, "எரிசேரிக்கு உப்புச் சரியா இருந்துதா?" என்று கேட்பாள். அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து பக்கத்து அறையில் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். ஒரு நாள் ஸ்பூன் தரையில் விழுந்த சத்தத்துக்கு அடுப்பை விட்டு ஓடிவந்துவிட்டாள். தினமும், நாளைக்கு நிஜ மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பாள். விடிந்தால் அந்தப் பலகை கண் முன்னால் வந்து நிற்கும்.

முதல் வெள்ளிக்கிழமை எண்பத்தி ஐந்து. உடம்பில் பழையது மிச்சம் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை, பதிமூன்றாம் நாள், தங்கையன் சாக்பீஸால் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

எண்பத்தி ஆறு.

"சரியாத்தான் எழுதியிருக்கயா?"

"மேடம் அயச்ச மெசேஜு இன்னா இருக்கும்மா. நீங்களே நோக்குங்க."

பார்த்தாள். எண்பத்தி ஆறேதான். குறையவில்லை, கூடியிருக்கிறது. அவளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஜானவி நிறுத்திப் பதிமூன்று நாளாகிறது, அளவு அப்படியே இருக்கிறது என்றால் இந்த மருந்து ஜானவியுடையதே இல்லை. வேறு யாரோ. இத்தனை நாள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது வேறொருத்தி வீட்டு நெருப்பு.

திரும்பி வருகையில் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவாளா? அவாளா? சூடாமணியேகூட இருக்கலாம், முந்திக்கொண்டு கத்துகிறவள் மடியில்தான் கனம் இருக்கும். கடைசி வீட்டுப் படியில் தாணுமாலையனின் பெண் தனியாக உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தது. மற்றக் குழந்தைகளெல்லாம் தெருவின் மறுகோடியில் பந்து விளையாடின. குழந்தையைத் தனியாகப் பார்த்ததும் வாலாம்பாளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஓஹோ, இவாளேதான் போலிருக்கிறது என்று தோன்றியது. தான் கட்டிவிட்ட கதையைத் தானே நம்புகிற அளவுக்கு அவள் வந்திருந்தாள்.

ஜானவி ஆறு மணிக்கு வந்தாள். "ஞான் பின்னே விளிக்காம்" என்று, அப்புறம் கூப்பிடுவதாகப் போனில் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். வாலாம்பாளால் அவள் உட்காரும் வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை.

"ஜானவி, அந்தப் பலகையில போட்டிருக்கற மருந்து நம்மாத்து மருந்தில்லை. இந்தத் தெருவுல வேற யாரோ திங்கறா."

"எப்படிச் சொல்றே?"

"இன்னிக்கும் எண்பத்தாறு போட்டிருக்கான்."

"அதனால?"

அப்போதுதான் வாலாம்பாளுக்கு உறைத்தது, மேலே சொன்னால் தான் செய்ததையும் சொல்லவேண்டி வரும் என்று. ஜானவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையைத் திறந்து, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

"அது நம்மாத்து மருந்துதான் அம்மா. நான் நிறுத்தவே இல்லையே."

வாலாம்பாள் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"முதல் நாளே தெரியும். நம்ம மாத்திரைக்கு நடுவுல ஒரு கோடு உண்டு. நாக்குல பட்டாக் கசக்கும். நீ குடுத்தது சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மறுநாளே ஆபீஸ் பக்கத்துல வாங்கி வச்சுண்டேன். காலம்பற அங்கே போய் ஒண்ணு, ராத்திரி ரூமுக்குள்ள ஒண்ணு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா நீ அழுவே. அழுதுட்டு வேற ஏதாவது பண்ணுவே. சோத்துல எதையாவது கலப்பயோன்னு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடக்கூட இல்லை." அவள் குரல் உயரவில்லை. "தினம் காலம்பற நீ கையை நீட்டறப்போ, இன்னிக்காவது நிஜத்தைத் தருவியான்னு பார்த்தேன். பதிமூணு நாள் பார்த்தேன்."

வாலாம்பாளுக்கு அழுகைகூட வரவில்லை. மகள் தன்னை நம்பியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாளோ என்னவோ. நம்பாததால் பிழைத்தாள். பெற்றவளுக்கு இதைவிட ஒரு கேவலம் உண்டா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. தான் தின்ன வேண்டிய கால்சியம் மாத்திரை அட்டைகள் பதிமூன்று நாளில் காலியாகி, அடுப்படி அலமாரியில் எல்லோரும் பார்க்கக் கிடந்தன.

"பிரணவ் கிட்ட நான் நாளைக்குச் சொல்லப்போறேன்," என்றாள் ஜானவி. "வேண்டாம்னா வேண்டாம்."

மறுநாள் சனிக்கிழமை. வாலாம்பாள் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது சூடாமணி வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு காரியத்தை முடித்த களை.

"கோடியாத்துக்காரனைக் காலி பண்ணச் சொல்லியாச்சு, கேட்டயா. வீட்டுக்காரர் கோழிக்கோட்டுலேர்ந்து நேத்திக்கே விளிச்சுச் சொல்லிட்டார். மாசக் கடைசிக்குள்ள போயிடணும். அவன் ஆம்படையாள் வந்து எங்காத்து வாசல்ல நின்னு அழறா. எங்களுக்கு ஒரு தீனமும் இல்லே மாமி, வேணும்னா டாக்டர் கிட்ட எழுதி வாங்கித் தரேங்கறா. எழுதி வாங்கினா ஆச்சா? நெருப்பில்லாமப் புகையுமோ?"

மிக்சி நின்றது. வாலாம்பாள் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், சூடாமணிக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவாளைப் போகச் சொல்லாதே, சூடாமணி."

"ஏன்? நீதானே முதல்ல சொன்னே?"

"பொய் சொன்னேன். அந்த மருந்து எங்காத்தோடது. ஜானவிக்கு. பன்னண்டு வருஷமாத் திங்கறா."

சூடாமணி மிக்சிப் பக்கம் பார்த்தாள். கூடத்துப் பக்கம் பார்த்தாள். கூடத்தில் சேஷன் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"என்கிட்டயே மறைச்சயே, வாலாம்பா."

"உன்கிட்டத்தான் மறைச்சேன்."

"எங்கண்ணா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"உள்ளதைச் சொல்லு. நீ சொல்லாட்டா நான் விளிச்சுச் சொல்றேன். இப்போ முதல்ல தாணுமாலையனாத்துக்குப் போகணும். நீயும் வா. நான் சொன்னது பொய்னு உன் காதுபட அவன் ஆம்படையாள்கிட்டச் சொல்லணும்."

சூடாமணி வரவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்த்திசையில் தன் வீட்டுக்குப் போனாள். சம்பந்தம் இனி என்ன ஆகும் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. போகிற வழியில் எத்தனை வீட்டில் நிற்பாள் என்பதும் தெரிந்தது. வாலாம்பாளுக்கு வருத்தம் இருந்தது, பயம் போன இடம் தெரியவில்லை.

ஜானவி குளித்துவிட்டு ஈரத்தலையோடு அடுப்படி நிலையில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போலிருந்தது. தாணுமாலையன் வீட்டுக்குக் கிளம்பும் முன் வாலாம்பாள் வெந்தய டப்பாவைத் திறந்தாள். ஒரு மாத்திரையை எடுத்து, எப்போதும்போல் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது நிஜம்தான்," என்றாள்.

ஜானவி அதை இரண்டு விரலால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, நடுவில் கோடு இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள்.